நீச்சலடிக்கும் கயிறு

பந்தல்குடி ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றால் டீக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே அருஞ்சுனைச் சாமியார் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பரீட்சைக்குப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், தறி வாங்கப் போகிறவன் எல்லோரும் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

எல்லாம் தவசியால் வந்த வினை. போன வருஷம் மதுரை நீச்சல் போட்டியில் அவன் முதலாவதாக வந்தான். இடுப்பில் சாமியாரின் நீலக் கயிறு இருந்தது. அப்புறம் என்ன? நீந்தியது கயிறுதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கைகால் அடித்தவனை யார் கேட்டார்கள்?

வருஷா வருஷம் ஒரே கதைதான். தவசி கண்மாயில் காலையும் மாலையும் விடாமல் நீந்துவான். நாளாக ஆகக் கை கனக்கும், வேகம் குறையும். அண்ணன் கோட்டைச்சாமி அலறுவார்: "ஏலே, கண்ணு பட்டுருச்சுலே!" போட்டி நெருங்கும்போது சாமியார் கயிறு கட்டி விரதம் சொல்வார். போட்டிவரை தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. கறியும் சோறும் தின்றுவிட்டுத் தூங்க வேண்டும். சுகமான விரதம்!

இந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பெரிய போட்டிக்குப் பெரிய காணிக்கை. கமலை இறைக்கும் காளை ரெண்டையும் கேட்டுவிட்டார் சாமியார். அண்ணனும் தலையாட்டிவிட்டார். காளை போனால் மிளகாய்த் தோட்டத்துக்கு யார் தண்ணீர் இறைப்பது?

தவசிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தங்கச்சி கல்யாணத்தின்போது ஒரு வாரம் நீந்தாமல் பந்தி பந்தியாகத் தின்றான். மறுபடி இறங்கியபோது மீனாகப் போனான். அப்போது கயிறு ஏது?

கூட்டாளி இருளாண்டியும் அவனும் எப்போதும் ஒரு கை முன்பின்னாகத்தான் வருவார்கள். இருவருக்கும் கயிறு கட்டியாயிற்று. "ஏலே, நீ கயிறோட தெனமும் நீந்து. நான் சும்மா கெடக்கேன். எது ஜெயிக்குதுன்னு பாப்போம்" என்றான் தவசி.

போட்டிக்கு முந்தின நாள் சாமியாரே விரதத்தை முடித்துவைத்து, கண்மாயில் வெள்ளோட்டம் வைத்தார். ஊரறியக் காளைகளை ஓட்டிப் போக வேண்டுமே! தவசி அக்கரை தொட்டபோது இருளாண்டி நடுக் கண்மாயில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தீகளா என் கயித்த!" என்று சாமியார் காளையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தார். பிடித்த கை நின்றுவிட்டது. மணிக்குப் பக்கத்தில் அவருடைய நீலக் கயிறு.

"என்னுதுதான் சாமி. இடுப்புல உறுத்துச்சு, அன்னைக்கே காளைக்குக் கட்டிட்டேன்" என்றான் தவசி. "இருளாண்டி இடுப்புல இன்னும் கெடக்கு. ஏன் தோத்தான்?"

சாமியார் சீறினார்: "அவன் விரதத்தை முறிச்சிட்டான்! தெனமும் நீந்தி உடம்பை நோகடிச்சா கயிறு என்ன செய்யும்?"

"அப்ப செய்யுறது ஓய்வுதான சாமி? சும்மா படுத்துக் கெடக்குறதுக்கு எதுக்குக் காளை?"

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. முகம் சிவக்க, காளையின் கயிற்றைச் சாமியார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். சாமியார் அருப்புக்கோட்டை பஸ்ஸைத் தேடி ஓடினார். அந்த ஓட்டத்துக்கு எந்தக் கயிறும் தேவைப்படவில்லை.

உழைத்த உடம்புக்கு ஓய்வு கொடுத்தால் வேகம் வரும், வாஸ்தவம். ஆனால் அய்யாமாரே, மூளைக்கு நீங்கள் கொடுத்த ஓய்வு போதும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் இறக்குங்கள்.