வேதகிரியின் விருதுச் சட்டை

உத்திரமேரூரில் வேதகிரியைப் போல ஒரு கெட்டிக்காரன் கிடையாது. இது வேதகிரியே சொன்னது. செல்போனில் ஆப் லோடாகத் தாமதமானால் ஒரு வட்டம் சுற்றுமே, ஒரு பட்டை மெல்ல மெல்ல நிரம்புமே, அதையெல்லாம் வரைவதுதான் வீட்டிலிருந்தபடியே அவன் பார்க்கும் உத்தியோகம். காத்திருப்பவருக்குக் காத்திருப்பதே தெரியக் கூடாது. அதற்குத்தான் சம்பளம்.

மனைவி இளவரசி முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். கல்யாண சீசன். கேட்டவர்களுக்கெல்லாம் "காஜா மட்டுந்தான் பாக்கி" என்பாள். ஒருவரும் நம்புவதில்லை.

"தாலி கட்டினப்புறமா ரவிக்கையைக் குடுப்பே?" என்று வாடிக்கைக்காரி அம்முலு கத்திவிட்டுப் போனதும் வேதகிரி களத்தில் இறங்கினான்.

"சீக்கிரம் தைக்கச் சொல்லி யாரு அழுதா? சீக்கிரம் ஆவுற மாதிரி காட்டணும். வெட்டின துணியைக் கண்ணுல படுற மாதிரி மாட்டு. ஊக்கா, பட்டனான்னு கேட்டுக்கினே இரு. போட்டோ அனுப்பு."

"எப்போதாங்க தைக்கிறது?"

"அது பின்னாடி நடக்கும். முன்னாடி தெரியறதுதான் முக்கியம்."

பலித்துவிட்டது. அம்முலு சிரித்த முகமாய் இன்னும் இரண்டு ரவிக்கைத் துணி கொடுத்துவிட்டுப் போனாள். வேதகிரிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனி அவனுக்கு விருது அறிவித்தது. கேடயம் கூரியரில் வந்தது. முதலாளி வீடியோ கூட்டத்தில் பாராட்டுவாராம். கேடயத்தைத் தன் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் வைத்தான். கூட்டத்தில் போட்டுக்கொள்ளும் சட்டைக்கு நீலத் துணி எடுத்து இளவரசியிடம் கொடுத்தான். அன்றே அளவெடுத்தாள். காலர் எப்படி என்றாள். பட்டன் காட்டினாள். சட்டைக் கையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். எப்போது முடியும் என்று கேட்கவே அவனுக்குத் தோன்றவில்லை.

கூட்டம் தொடங்கும் நேரத்தில் சட்டை வந்தது. காலர் கச்சிதம். கை கச்சிதம். போட்டால் முதுகில் ஃபேன் காற்று ஜில்லென்று அடித்தது.

"இன்னாடி இது, பின்பக்கம் எங்க?"

"காமிராவுல பின்பக்கம் தெரியுமா?"

தெரியாதுதான். அவனுடைய பாடமே அதுதானே! இளவரசி கழுத்துக்குப் பின்னால் நாடாவை முடிந்துவிட்டாள். வேதகிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். திரையில் பார்த்தால் புது மாப்பிள்ளையே அவனிடம் தோற்றுப்போவான்.

முதலாளி புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். "வேதகிரி, பின்னாடி இருக்கிற அந்த ஷீல்டை எடுத்துக் காட்டுங்க!"

திரும்பாமலே கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். எட்டவில்லை. எழுந்தான். பாதி திரும்பியவன் முதுகு ஞாபகம் வந்து மறுபடி இந்தப் பக்கம் திரும்பினான். அப்புறம் அந்தப் பக்கம். நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தான்.

"என்ன ஆச்சு வேதகிரி?" என்றார் முதலாளி.

தையல் மிஷினை நிறுத்தாமல், முன்னறையிலிருந்து கதவு வழியே பார்த்து இளவரசி குரல் கொடுத்தாள்:

"பின்பக்கம் லோடாவுது சார். அதான் சுத்திக்கினு கீறாரு."