மாமாவின் படகை ஓட்டலுக்குக் கொடுக்க வேண்டாம்

மயிலாப்பூர்,
9.3.2026

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அல்போன்ஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் ஃபிரெட்ரிக் பணிவுடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கு நானும் மர்சலினும் நலம். பெர்த் நகரில் தாங்களும் குடும்பத்தாரும் நலம் என்று நம்புகிறேன். நலமில்லாமல் இருந்தது படகின் எஞ்சின் மட்டுமே, அதைப் பற்றியே இக்கடிதம். வாட்ஸ்அப்பில் சொல்லக்கூடாதா என்பீர்கள். முப்பத்திரண்டு வருடம் பூகோளம் நடத்தியவனுக்கு இவ்வளவு பெரிய விஷயத்தைக் கட்டைவிரலால் எழுத மனம் வரவில்லை.

ஈஸ்டருக்குள் ஓடாவிட்டால் படகை ஓட்டலுக்குக் கொடுத்துவிடலாம் என்று தாங்கள் அனுப்பிய ஒரு வரியைப் படித்தேன். மாமாவின் மூத்த பிள்ளை என்ற முறையில் அவருக்குப் பின் படகு தங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டல்காரர் மாமாவின் தேக்குப் படகைச் சாலட் மேசையாக்கி, அதில் ஐஸைக் கொட்டி அதன்மேல் வெள்ளரிக்காய் அடுக்கப்போகிறார். மர்சலினுக்கு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த ஒரு வருடத்தில் அவள் எதையுமே கேட்டதில்லை. ஒருநாள் மாமா படகில் நிற்கும் போட்டோவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு தடவையாவது அதில் உட்கார வைத்து ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்கவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

தடையாக இருந்தது எஞ்சின் பம்புக்குள் சுழலும் ஒரே ஒரு ரப்பர் சக்கரம். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைச் சுற்றி அனுப்பி அதன் சூட்டைத் தணிப்பது அதுதான். ஆறு இதழில் மூன்று போய்விட்டது, நாலாவது நிமிடம் எஞ்சின் இட்லிக் குண்டான் மாதிரி ஆவி விட்டது. தி.நகர் பம்ப் கடைக்குப் போனேன். "கிணத்துக்கா, போருக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், படகுக்கு என்றேன். "படகுக்கு இன்னாத்துக்கு சார் தண்ணி? அதான் கீயே ஓடிக்கினு கீதே!" என்றார், கடையே சிரித்தது. தேனாம்பேட்டையில் ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தது மீன் தொட்டி மோட்டார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கடைசியில் புதுப்பேட்டை அன்வர் பாஷா, பழைய எஞ்சின் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சாம்பிள் கொண்டா நைனா. சாம்பிள் இல்லாம ஒண்ணியும் ஆவாது."

இங்கேதான் மச்சான், நான் ஒரு தப்பு செய்தேன். சக்கரத்தைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி, காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தரும் நம் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், போன வருடத்துக் குருத்தோலைக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் கொண்டுபோகலாம் என்றுதான். சாம்பல் புதனுக்கு எரிக்க வீடுவீடாகப் பழைய குருத்தோலை சேகரித்தார்கள் அல்லவா, கீழ்வீட்டு ஜூலியட் நம் வீட்டுப் பீடத்தையும் பக்தியோடு துடைத்து, இருந்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கோயிலில் சேர்த்துவிட்டாள். அன்று பங்குக் கோயில் வளாகம் முழுக்க டயர் எரிந்த வாடை. பக்கத்தில் ஏதோ மறியல் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். எனக்குக் காலிப் பீடத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மறுநாள் வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கும்போது, மனம் வருந்தவேண்டிய நேரத்தில், "இது என் சக்கரம், இது என் சக்கரம்" என்றே மனசு அடித்துக்கொண்டது. அந்தச் சாம்பல் மூன்று நாள் சோப்புக்கும் போகவில்லை மச்சான். பங்கு மக்கள் அத்தனை பேரும் சனிக்கிழமை வரை நெற்றியோடுதான் ஆபீஸ் போனார்கள். இந்த வருடம் விசுவாசம் கூடியிருக்கிறது என்று சாமியார் பிரசங்கத்தில் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆனால் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சாம்பலைச் சலித்தபோது ஒரு பித்தளை வளையம் தங்கியிருக்கிறது. விசாரித்து வாங்கிப் பார்த்தேன், சக்கரத்தின் நடுப்பாகம் அது. ரப்பர் மூடியிருந்தவரை யாருக்கும் தெரியாத நம்பர் ஒன்று அதில் வெட்டியிருந்தது. அன்வர் பாஷா அதைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்து, "நெருப்புல போட்டது நல்லதாப் போச்சு நைனா. இந்த சைஸ் மீன்பிடி போட்டுக்கும் வரும். குப்பத்துல கேளு" என்றார். நொச்சிக்குப்பத்தில் நமக்கு வாடிக்கையாக மீன் தரும் அம்மாசியிடம் நீட்டினேன். அவள் வஞ்சிரத்தை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்காரர் தூண்டில் போட்டு வைக்கும் டப்பாவிலிருந்து புதுச் சக்கரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இத்தினி வருசமா மீன் வாங்கிக்கினு கீற. ஒரு வார்த்த கேட்டா இன்னா சார்?" மூன்று மாதமாகத் தெருத்தெருவாக அலைந்தவன், சுறாவும் சங்கராவும் விலை கேட்ட இடத்தில் இதைக் கேட்கவில்லை.

நேற்று ஞாயிறு காலை அடையாற்றில் படகை இறக்கினோம். இருபத்தைந்து நிமிடம் மச்சான்! பின்குழாயிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டுவிட்டுத் தெறித்தது. ஒரு பொட்டு ஆவி இல்லை. மர்சலின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. நானும் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. ஆகவே கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், படகை யாருக்கும் கொடுக்கவேண்டாம். அது உங்கள் தங்கையின் உயிர்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் முழங்கால் வலிக்காக மர்சலின் செவ்வாய்தோறும் மன்றாடுகிறாள்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஃபிரெட்ரிக்

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை மர்சலினிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "என்னங்க, எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே படகுன்னா குமட்டும். அப்பாவுக்காகப் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஏறுவேன். நேத்தும் அதான்." ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். "ஆஸ்பத்திரி வராந்தாவுல எட்டு மாசம் வாயே திறக்காம உக்காந்திருந்தீங்க. இந்தச் சக்கரத்தைத் தேட ஆரம்பிச்சப்புறம்தான் மறுபடி எல்லாரோடயும் சண்டை போட்டீங்க. அது கிடைக்கவே கூடாதுன்னுதான் நான் வேண்டிக்கிட்டேன்" என்றாள். ஆகவே படகை ஓட்டலுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் எஞ்சினை மட்டும் கழற்றி நமக்குத் தரச் சொல்லவேண்டுமாம். நான் கேட்கவில்லை மச்சான், அவள்தான் எழுதச் சொல்கிறாள். தையல் மெஷினைப் படுக்கையறைக்குத் தள்ளிக் நான் அதைக் கழற்றிப் பூட்டக் கூடத்தில் இடம்கூட ஒழித்துவிட்டாள்.