முதல் குடம் கடைசி ஆளுக்கு

ஹடப்சரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வேலை பார்த்த குடோனை இழுத்து மூடிவிட்டார்கள். தோளில் ஒரு பை, காலில் வார் அறுந்த செருப்பு, போனில் சார்ஜ் இல்லை. வாகட் பக்கம் கட்டட வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் புனேயின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். நடை முடிந்த இடத்தில் கடைமடையாரைப் பார்த்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான்; பல ஊர்த் தண்ணீர் குடித்தவன். சத்தியமாகச் சொல்கிறேன், மாநிலங்களின் ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்க இவர் ஒருவரை உட்கார வைத்தால் போதும். மத்தியானச் சோற்றுக்குள் முடித்துவிடுவார்.

கட்டடத் தொழிலாளர் கொட்டகையில் தமிழ் ஆட்களுக்கு அவர் சமையல்காரர். சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம், காவேரியின் கடைமடை; பட்டப்பெயரும் அதனால் ஒட்டியதுதான். "எங்க ஊருக்குக் காவேரித் தண்ணி வராது தம்பி. தண்ணி தொறந்துட்டாங்கங்கற சேதிதான் வரும்" என்பார். அதனாலேயே அவருக்கு வரிசையின் கடைசி ஆள்தான் சாமி. சோற்றைக் கடைசித் தட்டிலிருந்துதான் பரிமாறுவார். முன்னால் நின்றவன் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினால், இவர் அண்டாவோடு மறுமுனைக்குப் போய்விடுவார். சொந்தக் கல்யாணத்திலேயே கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, மிஞ்சிய ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தவர் என்று பேச்சு.

கொட்டகைகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரிசையாக இருந்தன. மேட்டில் கர்நாடகக்காரர்கள், அடுத்து தெலங்கானா, அதற்கும் கீழே நம்மவர்கள். மேட்டுத் தொட்டியில் டேங்கர் ஊற்றும். ஒரே குழாய் கீழே இறங்கும். குழாய் முடிந்த இடத்துக்கும் அப்பால் ஒரு நீலத் தார்ப்பாய். அதற்குள் மராத்வாடாவிலிருந்து அன்று காலைதான் பிழைக்க வந்து இறங்கிய சுனந்தாபாயின் குடும்பம். சொந்த மாநிலம்தான், குழாய்தான் இல்லை.

வால்வு சாவி கடைமடையாரிடம். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சாவி எவன் கையிலோ, அவன் கொட்டகை கடைசியாகப் பிடிக்க வேண்டும். அதனால் சாவியை வேறு யாரும் தொடவில்லை.

"நீ நம்மாளா, அவனுங்க ஆளா?" என்று நம்மவர்கள் தினமும் கேட்டார்கள்.

"சோத்துக்கு ஒங்க ஆளு. தண்ணிக்கு எல்லாருக்கும் ஆளு."

நான் போய்ச் சேர்ந்த நேரம், கல்யாண மண்டபத்துக்குப் போன டேங்கர் ஒன்று, அங்கே வேண்டாமென்றதால் இங்கே வந்து நின்றது. கொட்டகைகளில் எல்லா டிரம்மும் நிறைந்திருந்தது. தட்டுப்பாட்டு நாளில் சொம்பால் அளந்து ஒற்றுமையாக இருந்தவர்கள், உபரியைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு தண்ணீர்ச் சண்டை வந்தால் டேங்கரையே நிறுத்திவிடுவேன் என்று முந்தின நாள்தான் காண்ட்ராக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"தொட்டி எங்க வாசல்ல இருக்கு. தண்ணியும் எங்களுது" என்று இந்தியில் கத்தினார் கர்நாடக மேஸ்திரி பீமப்பா.

"ஒன் வாசல்ல மழை பேஞ்சா மேகமும் ஒன்னுதா?" என்றார் தெலங்கானா யாதய்யா.

"அண்ணே, இன்னிக்காவது நம்ம பக்கம் பேசுங்கண்ணே!" என்றான் நம்மவன் ஒருவன்.

கடைமடையார் கரண்டியை உயர்த்தி, எல்லாருக்கும் புரியும்படி இந்தியில் சொன்னார்: "நெறஞ்ச டிரம்முக்குப் பேச்சு கெடையாது. எது காலியோ, அதுக்குத்தான் ஊத்துவேன்."

அவர் பார்வை தார்ப்பாய் பக்கம் இருந்ததை யார் கவனித்தார்கள்? பீமப்பா ஓடிப்போய்த் தன் டிரம்மைக் கவிழ்த்தார். அதைப் பார்த்த யாதய்யா தன் டிரம்மை உதைத்தே சாய்த்தார். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? தண்ணீர் கேட்பதற்காக, இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார்கள். அது பள்ளம் பார்த்து ஓடியது. தார்ப்பாய்க்குள் அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது.

இடுப்பில் காலிக் குடம், கணுக்கால் வரை சேறு. சுனந்தாபாய் வெளியே வந்து, "பூர் ஆலா கா?" என்றார். வெள்ளம் வந்துவிட்டதா என்று கேட்கிறார். ஆளாளுக்குத் தாங்கள் கவிழ்த்த டிரம்மைப் பார்த்தார்கள்.

கடைமடையார் மட்டும் சிரித்தார். "எங்க ஊர்லயும் இப்படித்தாம்மா. கேக்கறப்ப குடுக்க மாட்டானுவோ. தாங்க முடியாதப்ப மொத்தமா தொறந்து விட்ருவானுவோ."

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையாட்டினார்.

பிறகு நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். பீமப்பாவே டேங்கர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினார். முதல் குடம் சுனந்தாபாய்க்கு. அப்புறம் கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு கொட்டகையாக. கடைசியாகப் பிடித்தவர் பீமப்பா. அவருக்கு முக்கால் டிரம்தான் கிடைத்தது. முனகக்கூட இல்லை. காண்ட்ராக்டர் வந்தபோது நாலு மாநிலமும் ஒரே சேற்றில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தது. டேங்கரை அவர் நிறுத்தவில்லை.

அப்போதுதான் கடைமடையார் என்னைப் பார்த்தார். "நீ எந்தக் கொட்டகைப்பா?"

"எதுவும் இல்லண்ணே. இப்பத்தான் நடந்து வரேன்."

"எந்தப் பக்கமும் இல்லாதவனா? ஒன்னத்தான்யா இத்தன நாளாத் தேடிட்டு இருக்கேன்" என்று ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

மறுநாள் காலை வால்வு சாவி என் கைக்கு வந்தது. அதுதான் வேலை. சட்டப்படி எல்லாரும் பிடித்து முடித்த பிறகு கடைசி வாளியை நான் பிடித்தேன். திரும்பினால், எனக்குப் பின்னால் வெறும் சொம்போடு கடைமடையார்.

"என்னண்ணே, இனிமே நான்தானே கடைசி?"

"நான் இருக்கறப்ப நீ எப்படிடா கடைசி ஆவ?"