மையப் புள்ளியில் ஐயம்பேட்டை

"ஆணியை இன்னும் அழுத்துய்யா. மையம் நகரக்கூடாது" என்றார் காஞ்சிபுரம் கைத்தறி அலுவலக அதிகாரி கோதண்டபாணி.

டிராப்ட்ஸ்மேன் காசிநாதன் மேசைமேல் விரித்த தாளின் நடுவே அடித்த ஆணியில் கட்டிய நூலை இழுத்துப் பிடித்து ஐந்தடி வட்டம் போட்டார். ஒவ்வோர் அலுவலகமும் உலகச் சந்தையில் தன் இடத்தைக் காட்டும் படம் மாட்டவேண்டும் என்று மெட்ராஸிலிருந்து சுற்றறிக்கை. கடையில் விற்கும் உலகப்படத்தில் காஞ்சிபுரம் நடுவில் இல்லாததால் அது நிராகரிக்கப்பட்டது.

"நம்ம ஆபீஸிலேருந்து எந்த ஊருக்கும் தூரம், திசை ரெண்டும் சரியா வரும் சார். மத்த ஊருங்க ஒண்ணுக்கொண்ணு பார்த்தாதான் கோணலாகும்."

"அது அவங்க கவலை. ஓரத்திலே என்னய்யா இவ்ளோ பெரிசா?"

"பெரு தேசம் சார். பூமிக்கு அந்தாண்ட இருக்குது. விளிம்புக்குப் போகப் போக இழுபடும்."

"இவ்ளோ இடத்துக்கு யார் சாங்ஷன் கொடுத்தது?"

பெருவிடம் விளக்கம் கோரிக் கோப்பு திறக்கப்பட்டது.

அப்போது ஐயம்பேட்டை நெசவாளர் குமாரவேல் மனுவோடு உள்ளே வந்தார். "மூணு மாசமா டிப்போவிலேருந்து குறுக்கே ஓட்டற ஊடைப் பட்டு வரலை சார். பாவு தறியிலே சும்மா கெடக்குது. இன்னிக்கும் இல்லேன்னா தறியைப் பிரிச்சுட வேண்டியதுதான்."

"காசிநாதன், டிப்போவுக்கும் ஐயம்பேட்டைக்கும் அளந்து சொல்லு."

காசிநாதன் அளவுகோலை வைத்தார்; எடுத்தார். "மையப் புள்ளியே பதினஞ்சு மைல் அகலம் சார். ரெண்டும் அதுக்குள்ளே அடக்கம். தூரம்னு ஒண்ணும் இல்லை."

"கேட்டியாப்பா? தூரமே இல்லாத இடத்துக்குப் பட்டு எப்படி வந்து சேரும்? ஏற்கெனவே அங்கேதான் இருக்குது."

'சரக்கு மனுதாரர் வசம் உள்ளதாகக் கருதப்படுகிறது' என்று கோதண்டபாணி மனுவில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

குமாரவேல் படத்தின்மேல் குனிந்தார். "அப்போ உலகத்துக்கே நடுவிலே நாங்க இருக்கிறோமா சார்?"

"நடு, ஆபீஸு. நீங்க புள்ளியிலே கிழக்கு ஓரம்."

"ஓரமா? டவுன்காரங்க எப்பவும் இப்படித்தான் பண்ணிக்கினு இருக்கீங்க. நெய்யறது யாரு சார்? ஆணியைப் பிடுங்கி எங்க ஊர்லே அடிங்க. இல்லேன்னா சங்கத்திலேருந்து எல்லாரும் வருவோம்."

கோதண்டபாணி யோசித்தார். "உங்க ஊர் வரைக்கும் அஞ்சு மைல் முடியாது. ரெண்டு மைல் தள்ளலாம். பட்டு விஷயம்?"

"அது கெடக்குது சார். முதல்லே இதை முடிங்க."

காசிநாதன் ஆணியைப் பிடுங்கி, அதே ஓட்டையில் சற்றுச் சாய்த்து அடித்தார். மேசை ஆடியது, நூல் வழுக்கியது.

குமாரவேல் மனுவை நான்காக மடித்து மேசைக்காலின் கீழ் செருகினார்.