சுமங்கலிப் பிரார்த்தனைக்கு மாத்திரை வாங்கிய விவரம்

நாகப்பட்டினம் சம்பந்தி அவர்களுக்கு, வலங்கைமானிலிருந்து வெங்கடசுப்ரமணியன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே கால் வீங்கிய என் பெண் மங்களாவைத் தவிர அனைவரும் சௌக்கியம்.

இது தங்கள் பெண்ணும் என் மாட்டுப்பெண்ணுமான மாதங்கியைப் பற்றிய புகார்.

எங்கள் வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனைக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தேன். பெண்களுக்கு அந்த நாள் தோதுப்படுமா என்று கேட்கும் வழக்கம் இங்கே கிடையாது; அதற்குத்தான் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறதே. மருந்துக் கடைக்காரர் டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லை, தங்கமான மனிதர், வாங்கி வந்து வீட்டுப் பெண்களுக்கு விபூதி மாதிரி நானே பங்கிட்டேன், மாதங்கி மட்டும் கை நீட்டவில்லை. "இது புரோஜெஸ்டின், ஹார்மோன்ப்பா. மங்களாவுக்குப் பிரசவத்தப்போ கால்ல ரத்தம் கட்டியிருக்கு. டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்கோ" என்றாள். நல்ல காரியத்தில் இப்படியா பேசுவது?

இதற்கிடையில் சாஸ்திரிகளுக்குக் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் வந்துவிட, அவருக்காக ஒரு வாரம் தள்ளி வைத்தேன், பெண்களுக்கு இன்னும் ஓர் அட்டை வாங்கினேன், செவ்வாயன்று, இனி என்ன, வெள்ளி வந்தாச்சே என்று நானே மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் மூன்றாம் நாளே விலக்கு வரும் என்று அந்தத் தங்கமான மனிதர் சொல்லவில்லை. வெள்ளி காலையில் என் தம்பிகளின் மனைவிகள் இருவரும் ஒன்றாக விலக்காகிக் கொல்லைப்புற அறைக்குப் போனார்கள், மங்களாவின் கெண்டைக்கால் பூசணிக்காய் போல் வீங்கிவிட்டது, அவளையும் என் மனைவி அகிலாண்டத்தையும் மாதங்கி காரில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போய்விட்டாள், நானும் மகன் விஸ்வாவும் சுட்ட வடையை வந்திருந்த சுமங்கலிகளில் ஒருவராலும் கடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மங்களாவிடம், "யார் சொல்லி மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டாராம்.

"எங்கப்பா."

"அவர் டாக்டரா?"

"ரிடையர்டு ஹெட் கிளார்க்."

"மருந்து நல்ல மருந்துதான். யாருக்கு ஆகும், ஆகாதுன்னு பார்த்துல்ல குடுக்கணும்? இந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தா?"

நல்லவேளை, ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார். மறுநாள் பார்க்கப் போனேன். மங்களா என் முகத்தைப் பார்க்காமலே, "சாஸ்திரிகளுக்காக ஒரு வாரம் தள்ளி வச்சேளேப்பா, எங்களுக்காக வைக்கப்படாதா?" என்றாள். காபி வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

இப்போது ஊரே மாதங்கியைக் கெட்டிக்காரி என்கிறது. எப்போதும் சரியாகவே பேசும் மாட்டுப்பெண் ஒரு குடும்பத்துக்கு ஆகுமா? தகப்பனார் என்ற முறையில் தாங்கள் கண்டித்து வைக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெங்கடசுப்ரமணியன்

பி.கு.: மேற்படி புகாரை வாபஸ் வாங்குகிறேன். பிரார்த்தனையை மறுபடி செய்ய வேண்டுமாம். தேதியை மங்களாவும் மாதங்கியும் குறித்துவிட்டார்கள். அன்று சாஸ்திரிகளுக்குச் சௌகரியப்படாதாம். வேறு சாஸ்திரிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.