அது நடிப்பு இல்லை, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் தம்பி மனைவி நலம், மகள் நலம், நான் மட்டும் நலமாக இருப்பவனைப்போல் நடமாடிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். குரல் நடுங்கும், பக்கத்து அறையில் இருக்கும் மனைவி கேட்டுவிடுவாள். பேனாவும் நடுங்கத்தான் செய்கிறது. என் கையெழுத்து பள்ளிக்கூடத்திலிருந்தே இந்த லட்சணம் என்பதால் உனக்கு வித்தியாசம் தெரியாது.

செய்தியில் என்னைப் பார்த்துவிட்டு "என் தம்பி சிங்கம்" என்று அனுப்பியிருந்தாய். மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் வேறு யாரையோ சொல்கிறாய் என்றே தோன்றியது. "பயந்தவர்போல் நடித்து இரண்டு உயிர்களைக் காத்த இன்ஸ்பெக்டர்" என்று அந்தச் செய்திப் பெண் சொன்னாளே, அதில் 'போல்', 'நடித்து' என்ற இரண்டு சொற்களை எடுத்துவிடு. மீதி சரி.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு படிவம் வந்தது. காவலர்களின் மனநலத்தில் இப்போது எல்லோருக்கும் திடீர் அக்கறை. நாற்பது கேள்விகள். 'பணியின்போது அச்சம் ஏற்படுகிறதா?', 'தூக்கம் கெடுகிறதா?', 'நெஞ்சு படபடக்கிறதா?' அந்த நெஞ்சுக் கேள்வியைப் படிக்கும்போதே படபடத்தது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று மளமளவென டிக் அடித்தேன். நாற்பதாவது கேள்வி, 'மேற்கண்ட விடைகள் உண்மையானவையா?' வந்த வேகத்தில் அதற்கும் 'இல்லை' என்று அடித்துவிட்டேன். இன்றுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு பஸ் டிப்போவிலிருந்து அழைப்பு. ஒரு டிரைவர் மேலாளரின் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம், கையில் ஐந்து லிட்டர் கேனும் லைட்டரும், மேலாளரும் உள்ளேயே. ஜீப்பில் ஐந்து பேர் கிளம்பினோம்: நான், இருபத்திரண்டு வருடம் சர்வீஸ் போட்ட ஏட்டம்மா, ஜீப் ஓட்டுபவர், இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களில் நெட்டையானவரை 'ஏணி' என்போம். வாயே திறக்காதவரை 'ரேடியோ' என்போம். வழியில் நெருக்கடி நேரக் கையேட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்தில், 'தலைமை ஏற்பவரின் முகத்தில் நிதானம் தெரிய வேண்டும்.' பக்கவாட்டுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

டிப்போவில் பஸ்கள் வரிசையாக நின்றிருக்க, வேலையாட்கள் எல்லாம் அண்ணாந்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரீஸ் அப்பிய கையோடு நின்ற மெக்கானிக்கிடம், "கேன்ல என்னங்க இருக்கு?" என்று கேட்டேன். "டீசலா இருந்தா பயமில்ல சார், லேசுல பத்தாது. பெட்ரோலா இருந்தாதான்..." என்று இழுத்தார். "எதுங்க அது?" "அதான் தெரியலையே சார்." அந்த நேரம் பார்த்து மேலதிகாரியின் போன். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். "பன்னெண்டு மணிக்குள்ள முடியலைன்னா கதவை உடைச்சிடு." "உடைச்சா அவரு பத்த வச்சிடுவாரே சார்?" "அதை நீ பாத்துக்கோ. அங்க நீதானே தலைமை?" தலைமை என்றதும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் தோன்றியது.

இரும்புப் படி ஏறினோம். ரேடியோ என் கையில் ஒலிபெருக்கியைத் திணித்தார். தாழ்வாரத்தின் கோடியில் அந்தக் கதவு, மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவம் அங்குமிங்கும் நடந்தது. "எவனாவது கிட்ட வந்தீங்க, கொளுத்திடுவேன்!" என்று ஒரு கத்தல். "வராதீங்க சார், வராதீங்க!" என்று மேலாளரின் அலறல். எனக்கும் அதே கருத்துதான். சுவரோரமாகக் குந்தினேன். பக்கத்தில் குனிந்த ஏட்டம்மாவிடம் மெல்லச் சொன்னேன். "என்னால முடியல ஏட்டம்மா. கைகாலெல்லாம் வெலவெலக்குது. புத்தகத்துல போட்டிருந்தது ஒண்ணுமே ஞாபகம் வரல. அவரு பத்த வச்சிட்டா என்ன பண்றது? எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவருக்கும் யாராவது இருப்பாங்கல்ல? எனக்கு நிஜமாவே பயமா இருக்கு." ஏட்டம்மா என் கையையே விழி பிதுங்கப் பார்த்தார். என் கட்டைவிரல் ஒலிபெருக்கியின் சுவிட்சை அமுக்கிக்கொண்டிருந்தது. நான் மெல்லச் சொன்ன 'பயமா இருக்கு' பட்டறையின் தகரக் கூரையில் மோதி எனக்கே திரும்பி வந்தது.

கீழே யாரோ ஸ்பேனரை நழுவவிட்டார். பிறகு உள்ளேயிருந்து, "பேசுறது யாரு... இன்ஸ்பெக்டரா?"

"ஆமாங்க."

"உங்களுக்குமா பயம்?"

"ரொம்பங்க."

"அதையெல்லாம் வெளிய சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுதாங்க. சுவிட்சு அமுங்கிடுச்சு."

உள்ளே ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் அவரே பேசினார். நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு குழந்தை பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடியிருக்கிறது. பிரேக் போட்டுவிட்டார். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை, சின்னச் செருப்பு ஒன்று மட்டும் சக்கரத்தின் அடியில். அன்றிலிருந்து சாவியைத் திருகக் கை வரவில்லை. மேலாளரிடம் சொன்னதற்கு, 'எனக்கு அச்சம் எதுவும் இல்லை' என்று எழுதிய ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றாராம். "அறுபது பேரை ஏத்திக்கிட்டுப் போற வண்டி சார். பொய்யா எப்படிப் போடுறது?"

அக்கா, எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "நான் போட்டேங்க," என்றேன். "முப்பத்தொம்பது கேள்விக்கும் பொய்யாப் போட்டேன்." சுவிட்ச் இன்னும் அமுங்கியேதான் இருந்தது.

சரியாகப் பன்னிரண்டுக்கு மேலதிகாரி கூப்பிட்டார். "உடை." "அவரு பேசிட்டிருக்காரு சார், கொஞ்சம் பொறுங்க." "இது ஆர்டர்!" "அப்ப நீங்களே வந்து உடைங்க சார்," என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டேன். அப்படிச் சொன்னது என் வாய்தான் என்று இன்னும் நம்ப முடியவில்லை. தைரியத்தில் சொல்லவில்லை. கதவை உடைத்தால் எரிவோம் என்ற பயம், மேலதிகாரிமேல் இருந்த பயத்தைவிடப் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

"கதவைத் திறந்தா அடிப்பீங்களா சார்?" என்றார் டிரைவர். "இப்ப என் கையால ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாதுங்க." நான் மட்டும் வரவேண்டும் என்றார். மற்றவர்களைக் கீழே இறங்கச் சொன்னேன். ஏட்டம்மா மட்டும் நகரவில்லை. "நீங்க போங்க சார், நான் இங்கதான் நிப்பேன்." பத்தடி தூரம்தான். பாதி தூரத்திலேயே வாடை மூக்கில் ஏறிவிட்டது. பெட்ரோல். தாழ்ப்பாள் விலகியது. காதோரம் நரைத்த மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், சட்டை முழுக்க ஈரம். லைட்டரை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் கையும் நடுங்க, என் கையும் நடுங்க, லைட்டர் நழுவித் தரையில் விழுந்தது. அந்த ஒரு நொடியில் உன் முகம், மகள் முகம், அத்தான் முகம்கூட வந்து போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஏட்டம்மா ஓடிவந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மேலாளர் எங்களை இடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

டிரைவரை ஆஸ்பத்திரிக்கு நாங்களே கூட்டிப்போனோம். டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் ரத்த அழுத்தத்தையும் அளந்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலைக் காட்டிவிட்டார். நிலையத்துக்குத் திரும்பியதும் ஏணி பின்வாசலில் வாந்தி எடுத்தார். ரேடியோ ஒரு மணி நேரம் விடாமல் பேசினார். ஏட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு, "ஆறு வருஷமா ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி குழாயைத் திறந்துவிட்டு ரெண்டு நிமிஷம் அழுதுட்டுத்தான் சார் வர்றேன்," என்றார். முகம் கழுவுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்! ஐந்து பேரும் டீ குடித்தோம். யாருக்கும் எந்த வேலையும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தெரியவில்லை.

அப்போதுதான் மேலதிகாரி, டிப்போவில் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, வந்து சேர்ந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றால், தோளைத் தட்டி, "என்னா நடிப்புய்யா! நானே நம்பிட்டேன்!" என்கிறார். திங்கட்கிழமை இருநூறு அதிகாரிகளுக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். தலைப்பு, 'அச்சத்தை ஆயுதமாக்குதல்'. நடித்தும் காட்ட வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் தொப்பி போய்விடும். நடித்தேன் என்று சொன்னாலோ, நாளைக்கு யாரோ ஒருவர் ஏதோ ஒரு கதவுக்கு முன்னால் நடிப்பார், உள்ளே இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் நடப்பதை நினைத்தால் சோறு இறங்க மறுக்கிறது.

அதனால் முடிவெடுத்துவிட்டேன். பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றல் கேட்டு மனு எழுதிவிட்டேன். அங்கே கேன் கிடையாது, கதவும் சரியாகச் சாத்தாது. நிம்மதியாக இருப்பேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், அத்தானுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் காட்டிவிடாதே. அவர் என்னை மதிக்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சிங்கம் அல்லாத,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஏட்டம்மா ஒரு கத்தைத் தாளோடு வந்து நின்றார். நான்கு பேரின் மாற்றல் மனுக்கள், அதே கோப்பு அறைக்கு. காரணம் என்ற இடத்தில் ஏட்டம்மா 'இன்ஸ்பெக்டர் போவதால்' என்று எழுதியிருக்கிறார். ஏணி 'மேற்படி'. ரேடியோ மூன்று பக்கம். ஜீப் ஓட்டுபவர், 'பயப்படுகிற அதிகாரியோடு போனால்தான் எனக்குத் தைரியமாக இருக்கிறது.' "அங்க ரெண்டு நாற்காலிதான் இருக்கு ஏட்டம்மா," என்றேன். "மாத்தி மாத்தி உக்காந்துக்கலாம் சார்." என் மனுவையும் சேர்த்து ஐந்தையும் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை போய் உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன். இதை எழுதும்போதே சட்டை நனைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வந்துவிடு அக்கா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும். அத்தானையும் கூட்டி வா. நான் பாதியில் ஓடப் பார்த்தால் வாசலில் நிறுத்த ஓர் ஆள் வேண்டும்.