கெட்டிமேளத்துக்கு அடங்காத குக்கர் சார்

ரகசியத்தைத் தெருமுனை வரை கேட்கும்படி காப்பாற்றிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, குக்கர் சார்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓடு வேய்ந்த பழைய பங்களா ஒன்றில், ஏரி குளங்களைப் பற்றிய ஆராய்ச்சி இதழ் ஒன்றின் அலுவலகம் இருந்தது. ஆம்பூரிலிருந்து மாநில எல்லை தாண்டி வந்து நான் அங்கே உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். உதவி ஆசிரியை என்றால் கட்டுரைகளில் காற்புள்ளி வைக்க வேண்டும், உறைகளில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், குக்கர் சார் கத்தும்போது ஓடிப்போய் ஜன்னலைச் சாத்த வேண்டும். சம்பளம் முக்கியமாக மூன்றாவது வேலைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே குடியிருந்தவர். எங்கள் இதழுக்குக் கௌரவ இணையாசிரியர். கோபம் வருவதற்கு முன்னால் அவர் மூக்கிலிருந்து 'உய்ய்ய்' என்று ஒரு சத்தம் வரும். முதல் விசிலுக்கு ஆங்கிலத்தில் திட்டுவார். இரண்டாவது விசிலுக்குக் கல்லூரித் தமிழ். மூன்றாவது வந்துவிட்டால் மர்பி டவுன் முழுசாக வெளியே வரும். அதற்குள் ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரை வந்தவுடன் யாரும் அச்சடித்துவிட மாட்டார்கள். அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவருக்கு அனுப்பி, இது தேறுமா என்று கேட்பார்கள். அவர் பெயர் ரெஃப்ரி. ரெஃப்ரி யார் என்பது கட்டுரை எழுதியவருக்குக் கடைசி வரை தெரியக் கூடாது. முகம் பார்த்து மார்க் போடக் கூடாது, போட்டவரிடம் பின்னால் போய்ச் சண்டை பிடிக்கவும் கூடாது என்பதற்காக வைத்த விதி. இந்த விதியைக் குக்கர் சார் விரதம் மாதிரி அனுசரித்தார். அலுவலகத்துக்குள்ளேகூட ரெஃப்ரிகளின் பெயரைச் சொல்ல விட மாட்டார். எல்லோருக்கும் காய்கறிப் பெயர்.

"ஏம்மா, வெண்டைக்கா ரிப்போர்ட் அனுப்புனாரா?"

"இல்ல சார். முருங்கைக்கா மட்டும் வந்திருக்கு."

"முருங்கைக்கா இன்னா சொல்றாரு?"

"தன்னோட பழைய கட்டுரைங்களை எல்லாம் மேற்கோள் காட்டினா அச்சடிக்கலாமாம் சார்."

உய்ய்ய். "ஊரான் கட்டுரையில தன் பேருக்கு மால போட்டுக்கறானா? இனிமே அவருக்கு ஒரு பேப்பரும் போகக் கூடாது!"

போகவில்லை. அந்த வருடம் மட்டும் ஒரு முருங்கைக்காயையும் ஒரு புடலங்காயையும் ஒரு சேப்பங்கிழங்கையும் நாங்கள் இழந்தோம்.

வீட்டுக்குக் கட்டுரைகளை வயர் கூடையில் எடுத்துப் போவார். தலைப்பும் பெயரும் யார் கண்ணிலும் படக் கூடாதென்று பள்ளிப் பிள்ளை மாதிரி நியூஸ் பேப்பரில் அட்டை போட்டிருப்பார். அட்டை போட்டு என்ன பயன்? சிவாஜிநகர் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கும்போதே விசில் கிளம்பிவிடும். ஒருநாள் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். "ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எங்க?" என்று பஸ்ஸே அதிரக் கத்தினார். கண்டக்டர் பதறிப்போய், "ஆ ஸ்டாப்பு ஈ பஸ்ஸல்லி இல்லா சார்" என்றார் கன்னடத்தில். அந்த ஸ்டாப் இந்தப் பஸ்ஸுக்குக் கிடையாதாம்.

பெயரை மட்டும் கடன் கொடுக்கும் பெரிய மனிதர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. நான்கு பக்கக் கட்டுரைக்கு ஒரு கிரிக்கெட் டீமே ஆசிரியர்களாக வந்து நின்றது ஒருமுறை. சார் ஃபோனை எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். "சார், உங்க கட்டுரையில மூணாவது பாராவுல ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார், அவ்வளவுதான். ஒருவர் மீட்டிங்கில் இருந்தார். ஒருவர் பாத்ரூமில் இருந்தார். துறைத்தலைவர் மட்டும் வெள்ளந்தியாக, "எந்தக் கட்டுரைங்க?" என்று கேட்டார். ஃபோனை வைக்கும்போது மூன்றாவது விசில் வந்துவிட்டது. நான் ஜன்னலை எட்டுவதற்குள் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது என்று அந்த வீட்டம்மா பிறகு புகார் சொன்னார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிப்பு வராத கதை புஷ்பலதாவுடையது.

புஷ்பலதா ஒரு சின்னக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஒரு வருடம் மாதம் தவறாமல் வாளியும் பாட்டிலுமாக ஏரிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்துக் கட்டுரை எழுதியிருந்தாள். அது அச்சானால்தான் அவள் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். குக்கர் சார் கட்டுரையைப் படித்துவிட்டு அவளை நேரில் வரச் சொன்னார்.

"தலைப்புல ஒரு வருஷம்னு போட்டுகினு கீற. அட்டவணையில ஏப்ரல் காலியா கீது. ஏப்ரலை காக்கா தூக்கினு போச்சா?"

அந்தப் பெண் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மை போட்டிருந்தது சார். வாசல்ல வேப்பிலை கட்டிட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் அம்மா வெளிய விடல."

நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். விசில் வரவில்லை. சார் நாற்காலியில் சாய்ந்து அவளையே பார்த்தார்.

"வேற எவனாச்சும் இருந்தா மார்ச்சையும் மேயையும் கூட்டி ரெண்டால வகுத்து, இதான் ஏப்ரல்னு எழுதியிருப்பான். நீ காலியா வுட்ட பாரு. அது போதும்மா. அம்மைன்னே எழுது."

"அம்மைன்னேவா சார்?"

"வந்தது அம்மைதான? அப்பறம் இன்னா வெக்கம்?"

ஆய்வாளருக்கு அம்மை கண்டதால் ஏப்ரலில் மாதிரி எடுக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தாள். கட்டுரை ரெஃப்ரிக்குப் போனது. அந்தத் துறையில் அப்போது பெரிய தலை ஒருவர்தான். கமிட்டிகளில் தலைவர், நேர்காணல்களில் நடுநாயகம். எங்கள் அகராதியில் அவர் பூசணிக்காய்.

பூசணிக்காய் கட்டுரையை அடைகாத்தார். கோழிகூட மூன்று வாரத்தில் எழுந்துவிடும். இவர் ஒரு வருடம் எழுந்திருக்கவில்லை. நான் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பினேன். புஷ்பலதா அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, "இன்னும் வரலையா மேடம்?" என்று கேட்கும்போதெல்லாம் இன்னொரு நினைவூட்டலுக்கு ஸ்டாம்ப் ஒட்டுவேன். கடைசியில் இரண்டே வரியில் பதில் வந்தது: புதிதாக ஒன்றுமில்லை, நிராகரிக்கலாம். எங்கள் எடிட்டர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டார். அதை ஃபோனில் அவளுக்குச் சொன்னவள் நான். மறுமுனையில் அழுகைகூட இல்லை. "சரி மேடம்" என்றாள்.

சில மாதங்கள் கழித்துப் பூசணிக்காய்க்கு அறுபது வயது. நம் ஊரில் ஆராய்ச்சி இதழ்கூட மணிவிழா கொண்டாடும். சிறப்பிதழ் ஒன்று போட்டு, சீடர்கள் எல்லாம் ஆளுக்கொரு கட்டுரை எழுதுவார்கள். முகப்புக் கட்டுரை விழா நாயகருடையது. சிறப்பிதழ்க் கட்டுரைகளுக்கு ரெஃப்ரி கிடையாது. மொய்க் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டா பந்தியில் உட்கார வைப்பார்கள் என்பது எங்கள் எடிட்டரின் வாதம். குக்கர் சார் கேட்கவில்லை. முகப்புக் கட்டுரையைக் கூடையில் போட்டு எடுத்துப் போனார்.

மறுநாள் காலை வந்தவர் என் மேஜையில் அதை விரித்து, அட்டவணையில் விரலை வைத்தார். அதே ஏரி. அதே எண்கள். ஏப்ரல் காலி. கீழே ஒரு குறிப்பு: கனமழையால் மாதிரி எடுக்க இயலவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையை நான் வலிய இழுக்கவில்லை. அதுவாகவே வந்து இலையில் உட்கார்ந்துவிட்டது.

"திருடறவன் ஏப்ரலையாவது உக்காந்து ரொப்பியிருக்கலாம்ல?" என்றார் சார். "அதுக்குக்கூட சோம்பேறித்தனம்!"

எடிட்டர் அறைக்குப் போனோம். எடிட்டர் நல்லவர். யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். உலகத்தில் நான் பயப்படுவது இப்படிப்பட்ட நல்லவர்களுக்குத்தான்.

"ஹால் புக் பண்ணியாச்சு சார். இஷ்யூ பிரஸ்ல இருக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னார்.

"அட்ஜஸ்ட் பண்ண இது இன்னா பஸ் சீட்டா?"

"வேற என்ன பண்ணப் போறீங்க? அந்தப் பொண்ணு கட்டுரை அவர்கிட்ட போச்சுன்னு சொன்னாத்தானே திருட்டுன்னு ஆகும்? ரெஃப்ரி பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னு கத்தறதே நீங்கதானே?"

எனக்கு எடிட்டர் மேல் வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். சார் கட்டுரையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு விழா நாள் வரை அலுவலகத்தில் விசிலே இல்லை. ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. எதிர்வீட்டம்மா வந்து, "உங்க சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நானும் அவர் அடங்கிவிட்டார் என்றே நினைத்தேன். விழாவுக்கு முதல் நாள் மட்டும் கூடையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு அந்தப் பொண்ணையும் கூட்டினு வா."

விழாவில் நாதஸ்வரம், சந்தன மாலை, சால்வை என்று எதற்கும் குறையில்லை. பூசணிக்காய் மனைவியோடு மேடையில் மாப்பிள்ளைக் களையோடு உட்கார்ந்திருந்தார். புஷ்பலதா எதற்கு வந்தோம் என்று தெரியாமல் என் பக்கத்தில் இருந்தாள். வாழ்த்துரை வழங்க இணையாசிரியர் என்று குக்கர் சாரைக் கூப்பிட்டார்கள்.

"ப்ரொஃபசருக்கு வாழ்த்துகள்" என்று தொடங்கினார். "ஒரே ஒரு கேள்வி. உங்க கட்டுரையில ஏப்ரல் காலியா இருக்கு. கனமழைன்னு போட்டிருக்கீங்க. அந்த ஏப்ரல்ல மர்பி டவுனே குடத்தை வெச்சுகினு தண்ணி லாரிக்கு நின்னுது. உண்மையச் சொல்லுங்க சார். உங்களுக்கும் அம்மை போட்டிருந்ததா?"

நகைச்சுவை என்று நினைத்துச் சபை சிரித்தது. புஷ்பலதா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

மேடையில் எடிட்டர் எழுந்து, நாதஸ்வரக் குழுவைப் பார்த்து விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது அபசகுனமாக ஒரு சொல் காதில் விழக் கூடாதென்று கொட்டுகிற மேளம். அன்று ஒரு திருட்டு காதில் விழக் கூடாதென்று கொட்டினார்கள். மைக்கையும் அணைத்துவிட்டார்கள்.

யாரிடம்?

மூன்று விசிலும் ஒன்றாக வந்தன. "இந்தப் பொண்ணு எழுதுன கட்டுரை ஒரு வருஷம் உன் மேசையில கெடந்துது! உன் கைக்கு அனுப்புனவன் நான்! ரெஃப்ரி பேரை வெளிய சொல்லக் கூடாது, சொல்லிட்டேன். நான் பண்ணதும் தப்புதான், என்ன தூக்கிடுங்க. ஆனா ஏப்ரலுக்கு பதில் சொல்லிட்டு அப்பறம் சால்வ போத்திக்க!"

தவில்காரர், விஷயம் சுவையாக இருக்கவே, தானாகக் கோலை இறக்கிவிட்டார். பூசணிக்காய் எழுந்து, "கட்டுரையை என் மாணவர்கள் தயார் செய்தார்கள். எனக்கு விவரம் தெரியாது" என்றார். பெயர் போடும்போது முதல் ஆள். பழி வரும்போது மாணவர்கள்.

அப்புறம் என்ன, நீதி வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அதற்குப் பூசணிக்காயின் நண்பர் தலைவர். அறிக்கை இன்றுவரை வரவில்லை. தொழில்நுட்பக் காரணங்களால் முகப்புக் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது என்று அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவில் ஒரு வரி வந்தது. திருட்டுக்கு எங்கள் ஊர் விஞ்ஞானம் வைத்திருக்கும் பெயர் தொழில்நுட்பம். அவர் பிறகும் சால்வைகள் வாங்கினார், நேர்காணல்களில் மற்றவர் நேர்மையை எடைபோட்டார். குக்கர் சாரை மட்டும் அந்த வாரமே நீக்கினார்கள். காரணம், ரகசியக் காப்பு மீறல். எடிட்டர் வருத்தத்தோடுதான் கையெழுத்துப் போட்டார். நல்லவர்கள் எப்போதும் வருத்தத்தோடுதான் போடுவார்கள்.

சார் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. புஷ்பலதாவின் கட்டுரையை வரி வரியாகத் திட்டித் திருத்தி, வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்ப வைத்தார். அம்மை வரியை எடுக்கவே கூடாதென்று அடம்பிடித்தார். அது அச்சானது. அந்தக் கல்லூரி வேலை அதற்குள் போய்விட்டிருந்தது. ஆய்வேடு முடித்து வேறொரு கல்லூரியில் நிரந்தரமாகச் சேர்ந்தாள். அது அச்சுக்குப் போவதற்கு முன்னால், கட்டுரையின் முடிவில் நன்றி என்று சாரின் பெயரைப் போடலாமா என்று கேட்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன்.

உய்ய்ய். "அறிவு கீதா உனக்கு? பேப்பர் திருத்துனவன் பேரை வெளிய சொல்லலாமா?"

பக்கத்து வீடுகளில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கடைசியில், பெயர் சொல்ல முடியாத, ஆனால் தெருமுனை வரை கேட்கும் ஒரு குரலுக்கு நன்றி என்று எழுதினாள். வெளிநாட்டுக்காரர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, அப்படியே விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு எழுதியும் அவர் பெயரை நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சொன்னால் எங்கிருந்தாவது திட்டுவார். என் வீட்டில் சாதம் கொஞ்சம் குழைவாகவே இருக்கிறது என்று என் கணவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று விசில் வந்த பிறகும் அடுப்பை அணைக்க எனக்கு மனம் வருவதில்லை.